மீட்டர் கண்ணாடியில் வைத்த பொட்டு

கீழ்பென்னாத்தூர்
7.11.2025, வெள்ளி

சிவகணேஷ் குருக்கள் அவர்களுக்கு,

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னை ‘டேய்’ என்று கூப்பிட்டவன், இன்றைக்கு ‘அவர்களுக்கு’ என்று எழுதுகிறேன். ஏன் என்று படித்துத் தெரிந்துகொள். போனில் உன்னை பிளாக் பண்ணிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. பூ வண்டி மணிவேல் தினமும் காலையில் உங்கள் கோயில் வாசலுக்குச் சாமந்தி ஏற்றிக்கொண்டு வருகிறான் அல்லவா, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் இருந்தால் அவனிடமே கொடு. நேரில் மட்டும் வராதே.

முந்தாநாள் புதன்கிழமை கவிநிலாவுக்கு எட்டாம் மாதச் செக்கப். பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அதனால்தான் உன் காரை எடுத்தேன். ஆவணியில் நீ எனக்கு விற்ற, பதினாறு வயதான அந்த வெள்ளைக் காரை. ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறதே என்று அவளைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தேன். ஏசி போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டேன்.

ரயில்வே கேட்டில் ஏறினேன். தண்டவாளத்துக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றுகூடச் சத்தமில்லை. ஹாரன் இல்லை, கண்ணாடி இறங்கவில்லை. பின் கதவு இரண்டும் திறக்கவில்லை. உள்பக்கப் பூட்டுக் குமிழ் உடைந்திருக்கிறது, சுவிட்சைத் தட்டினால்தான் திறக்கும் என்று விற்கும்போதே சொன்னாய். அதையாவது சொன்னாய். கரண்ட்டே இல்லாத வண்டியில் சுவிட்ச் எங்கே வேலை செய்யும்?

கேட்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “யோவ், பொம்பளய மொதல்ல எறக்குயா! டிரெய்னு டைம்யா!”

முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் வயிற்றோடு அவளை இழுத்தேன் சிவா. “ஐயோ, மெதுவாங்க, மெதுவாங்க”னு அவள் கத்தக் கத்த இழுத்தேன். கிரிவலத்துக்குப் போன ஜனங்கள் பைக்கைப் போட்டுவிட்டு வந்து வண்டியைத் தள்ளினார்கள். நாங்கள் கேட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம்கூட இருக்காது, ரயில் போனது. சாலையோரம் உட்கார்ந்திருந்த கவிநிலாவின் புடவையில் இரத்தம். யாரோ ஒரு புண்ணியவான் வேனில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இப்போது அங்கேதான் படுத்திருக்கிறாள். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். அன்றைக்கு உனக்கு ஏழு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். வண்டியை நேற்று பிரசாத் ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். வேறு பேட்டரி கொடுத்து இன்ஜினை ஓட விட்டார். மீட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்தக் கண்ணாடி மேல பொட்டு யாரு வச்சது?”

“குருக்கள் வண்டிங்க. பூஜை பண்ணது.”

“தப்பா நெனச்சுக்காதீங்க சார்” என்று ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினார். ஒரு ரூபாய்க் காசு தடிமன் இருந்தது. உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி படம் போட்ட விளக்கு.

“இன்ஜின் ஓடறப்ப இது எரியவே கூடாது சார். எரிஞ்சா பேட்டரிக்கு சார்ஜ் ஏறலனு அர்த்தம். இருக்கிற கரண்ட் தீர்ந்ததும் எங்க வேணா நிக்கும். எத்தினி நாளா எரியுதோ, யாரு கண்டா.”

ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ இடம் இருக்கும்போது, சரியாக அந்த விளக்கின் மேல் பொட்டு. ஒரே ஒரு கேள்விதான். தெரிந்தேதானே வைத்தாய்?

செழியன்


திருவண்ணாமலை
9.11.2025

செழியா,

மணிவேல் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் கோபுர வாசலில் நின்றிருந்தேன். படித்து முடித்தும் அங்கேயே நின்றேன். “சாமி, பூவ எறக்கட்டுமா வாணாமா?”னு அவன் மூன்று முறை கேட்டானாம்.

புதன்கிழமை ஐப்பசி அன்னாபிஷேகம். போன் வீட்டில் இருந்தது. ராத்திரி வந்து உன் ஏழு மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பி அடித்தேன், போகவில்லை. கிரிவல நாளில் டவர் கிடைக்காதே என்று நினைத்துப் படுத்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேனடா.

வராதே என்று எழுதியிருந்தாய். ஆனாலும் நேற்று வந்தேன். “போய்ப் பாத்துட்டு வாங்கோ, திட்டினா திட்டட்டும்” என்று என் ஆத்துக்காரி பாகம்பிரியாள்தான் அனுப்பினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கடை வரைக்கும் வந்தேன். நீ மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தாய். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாய். கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம்தான். வெள்ளிக்கிழமையானால் ஸ்டியரிங், பானட், கதவு என்று எல்லாவற்றுக்கும் வைப்போம். அப்பா வைப்பார், பாகம்பிரியாள் வைப்பாள், நானும் வைப்பேன். மீட்டர் கண்ணாடியில், அந்த இடத்தில், யார் வைத்தது என்று எனக்கு நினைவில்லை. பழைய வண்டி, திடீரென்று ஏதாவது கெட்டுப் போயிருக்கலாம். உன்னிடம் வந்த பிறகு கெட்டதாகவும் இருக்கலாம் அல்லவா? சண்டைக்குச் சொல்லவில்லை. அப்படியும் இருக்கலாம் என்கிறேன்.

கவிநிலா பேரில் தினமும் அர்ச்சனை செய்கிறேன். இத்துடன் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் வை. உனக்கு நம்பிக்கை இல்லை, தெரியும். எனக்காக வை.

சிவா


திருவண்ணாமலை, ஆஸ்பத்திரியிலிருந்து
12.11.2025

சிவகணேஷுக்கு,

திங்கட்கிழமை மத்தியானம் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒரு கிலோ எழுநூறு. கவிநிலா கண் திறந்து பேசுகிறாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உடம்பெல்லாம் ஒயர். என்னை ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் வராண்டாவில்தான் கிடக்கிறேன். நர்ஸ் வேகமாக நடந்தால் எனக்கு உயிர் போகிறது.

உன் விபூதியைக் குப்பையில் போட்டுவிட்டேன். சாமி பேரில் ஒரு விளக்கை மறைத்தது போதும்.

‘நினைவில்லை’ என்று எழுதியிருந்தாயே, ‘உன்னிடம் வந்த பிறகு கெட்டதாக இருக்கலாம்’ என்றாயே. இந்தா, உன் நினைவு. காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் உங்கள் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அதற்குள் மடித்த ஒரு சீட்டை பிரசாத் எடுத்து என்னிடம் கொடுத்தார். ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் சீட்டு. மார்ச் மாதத் தேதி. வண்டி நம்பர் இருக்கிறது, உன் பெயர் இருக்கிறது. ‘சார்ஜிங் லைட் எரிகிறது. ஆல்டர்னேட்டர் பிரஷ் தேய்மானம். உடனே மாற்றவும்.’ ‘உடனே’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. என் கல்யாணத்தில் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தவன் நீ. ஒன்பது வருஷம் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் நாங்கள் அலைந்தோம் என்று தெரிந்தவன் நீ. சாவியைக் கொடுக்கும்போது “கண்ண மூடிண்டு ஓட்டுடா”னு சொன்னாய். நான் ஓட்டினேன்.

போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கோளாறு தெரிந்தே மறைத்து விற்றான் என்று. சீட்டு என் பையில் பத்திரமாக இருக்கிறது. இனிமேல் எழுதாதே.

செழியன்


திருவண்ணாமலை
16.11.2025

செழியா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு போலீஸில் கொடு. அதற்காகவே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

நினைவில்லை என்று எழுதியது பொய். அந்தப் பொட்டை வைத்தது நான்தான்.

பங்குனியில் வேலூருக்கு ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போகும் வழியில் முதல் தடவை அந்த விளக்கு எரிந்தது. வழியிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்தச் சீட்டைத்தான் கொடுத்தார்கள். வண்டியை இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார்கள். கோயிலில் உத்திர வேலை, ஒரு மணி நேரம் ஒழியவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். ஆனால் வீடு வருவதற்குள் விளக்கு தானாகவே அணைந்துவிட்டது. அண்ணாமலையார் பார்த்துக்கொண்டார் என்று நினைத்துச் சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன்.

பிறகு எரியும், அணையும். எரியும், அணையும். வண்டியில் உட்கார்ந்தாலே அது என்னைப் பார்த்து ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு?’ என்று கேட்கிற மாதிரி இருக்கும். வீட்டில் பாக்கி வைத்த வேலையைப் பெண்டாட்டி கேட்பாளே, அந்த மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கும்போது கை அங்கே போனது. மறைக்கணும்னு வைக்கலைடா. கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று வைத்தேன். அடுத்த வெள்ளி அதன் மேலேயே இன்னொரு பொட்டு. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. நீ ஒரு ரூபாய்க் காசு தடிமன் என்று எழுதியிருந்தாய். எத்தனை வெள்ளிக்கிழமை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆடிக்குள் எனக்கு அது பழகிவிட்டது. ஆவணியில் உனக்குச் சாவி கொடுத்தபோது அங்கே ஒரு விளக்கு இருப்பதே சத்தியமாக என் ஞாபகத்தில் இல்லை.

மேலே ‘சத்தியமாக’ என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொடுக்கும் முன்னால் ஈரத்துணியால் வண்டி முழுக்க நானேதான் துடைத்தேன். மீட்டர்ப் பக்கம் வந்ததும் கை நின்றது. பாகம்பிரியாள் அப்போது, “பொட்டைத் துடைக்காதீங்கோ. இன்னொருத்தர் ஆத்துக்குப் போறது, மங்களமா பொட்டோட போகட்டும்” என்றாள். எங்கள் வீட்டில் எந்த வண்டியையும் பொட்டில்லாமல் வெளியே கொடுப்பதில்லை. அவள் சொன்னதனால் கை நின்றதா, சொல்வதற்கு முன்பே நின்றுவிட்டதா? ஒரு வாரமாக இதையேதான் யோசிக்கிறேன். தெரியவில்லை. அவள் சொன்னதனால்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை.

மூலஸ்தானத்தில் நின்று மந்திரம் சொல்லும்போது நடுவில் மறந்துபோகிறது. முந்தாநாள் அப்பாவே, “என்னடா ஆச்சு நோக்கு?” என்று கேட்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்று மணிவேலிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பு. வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சோ. சிவகணேஷ்


கீழ்பென்னாத்தூர்
30.11.2025

டேய் சிவா,

குழந்தை நன்றாக இருக்கிறது. இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலில் இதைத் தெரிந்துகொள். மற்றதைப் பிறகு படி.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கே புகார் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். உன் கடிதம், அந்தச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டேன். ஸ்டேஷனுக்குப் போகும் முன்னால் கவிநிலாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் சரிங்க. தெனமும் வண்டிய எடுக்கும்போது அந்தப் பொட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினது யாரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான்தான். சாமியாவது பூதமாவது என்று இருபது வருஷமாக உன்னைக் கிண்டல் பண்ணிய நான்தான். அவளுக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பூனை குறுக்கே வந்தால் நிற்பேன். உன் வண்டி வந்ததும், குருக்கள் கை வைத்த பொட்டு இருக்கிறதே என்று தினமும் தொட்டுக் கும்பிட்டேன். இதை உன்னிடம் சொன்னால் காலமெல்லாம் சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

இன்னொன்று கேள். எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிறவன் நான். அந்த வண்டியில் ஹாரன் கம்மியாகக் கேட்டது. வைப்பர் இழுத்து இழுத்து ஓடியது. காலையில் ஸ்டார்ட் ஆக முனகியது. எல்லாவற்றையும் நானே பார்த்தேன். பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பியூஸ் மாற்றினேன். பேட்டரியே புதிதாகப் போட்டேன். “பாத்தியா, மெக்கானிக்கே தேவையில்ல”னு கவிநிலாவிடம் பெருமை பேசினேன். பிரசாத் கேட்ட ஒரே கேள்வியில் அவ்வளவும் போயிற்று: “சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒருவாட்டி எரிஞ்சு அணையணுமே சார். ஒண்ணு கொறையுதேனு என்னிக்காவது பாத்தீங்களா?” நான் பார்க்கவே இல்லை.

அதைவிட மோசம் இது. அந்தப் பொட்டு சில நாள் சிவந்து தெரியும். சந்தனத்தின் நடுவில் குங்குமம் ஈரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் புதன்கிழமை நன்றாகவே சிவந்திருந்தது. “இன்னிக்குப் பௌர்ணமி இல்ல, அதான் ஜாஸ்தியா ஜொலிக்குது பாரு”னு பின்னால் திரும்பிச் சொன்னேன். அவளும் அங்கிருந்தே கும்பிட்டாள். ‘நிறுத்துடா, நிறுத்துடா’ என்று கத்திக்கொண்டிருந்த விளக்கைத்தான் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கவரோடு கிளம்பினேன். என் தப்பு வேறு, உன் தப்பு வேறு என்று பிடிவாதம். வழியில் குழந்தையைப் பார்க்கிற ஐந்து நிமிஷத்துக்காக ஆஸ்பத்திரியில் இறங்கினேன். அன்றைக்கு அவளுக்கு மூச்சு திணறி, மறுபடியும் குழாய் வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது.

உன் விபூதியைக் குப்பையில் போட்டேன் என்று எழுதினேனே, பொய். சட்டைப் பையில்தான் இருந்தது. தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றினேன். அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில், மெஷின் மேல் சாய்த்து வைத்தேன். வைத்துவிட்டு வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே நர்ஸ் போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. “யாருங்க இங்க பொட்டலம் வச்சது? லைட்ட மறைச்சு வச்சிருக்கீங்களே, அறிவு இருக்கா உங்களுக்கு!”

குழந்தையின் காலில் ஒட்டியிருந்த ஒயர் கழன்று, அதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு மெஷினில் எரிந்துகொண்டிருந்ததாம். அந்த அறையில் பத்து மெஷின் கத்துகிறது. எது எதன் சத்தம் என்று தெரியாது, விளக்கைப் பார்த்துத்தான் ஓடி வருவார்களாம். அதன் மேல்தான் நான் சரியாகச் சாய்த்து வைத்திருக்கிறேன். எத்தனையோ இடம் இருக்கும்போது.

நர்ஸ் சரி பண்ணிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. “படிச்சவர்தானே சார் நீங்க?” என்று மட்டும் கேட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை இப்படித்தான் உன் கையும் போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. தண்டவாளம் கனவில் வருகிறது. கவிநிலா கத்தியதும் கேட்கிறது. ஆனால் அன்றைக்கு என் மேல் புகார் கொடுக்க அந்த அறையில் யாரும் இல்லை.

புகாரைக் கிழித்துவிட்டேன். உன் கடிதத்தையும் ஒர்க்‌ஷாப் சீட்டையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். பதிலுக்கு இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள். நீ செய்த மாதிரியே நானும் முழுப் பெயர் போட்டிருக்கிறேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை பிரசாத் மாற்றிவிட்டார். பின் கதவுக் குமிழையும் சரி பண்ணச் சொல்லிவிட்டேன். மீட்டர் கண்ணாடியில் சந்தனக் கறை வட்டமாக இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன் வழியாக விளக்கு தெரிகிறது, போதும். சாவி போட்டதும் கவிநிலாவே ஒவ்வொன்றாக எண்ணுகிறாள்.

புதன்கிழமை தீபம். உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஊருக்குள் வண்டியும் விட மாட்டார்கள். எல்லாம் முடிந்து ஆற அமர வா. பாகம்பிரியாளையும் கூட்டிக்கொண்டு வா. கவிநிலா திட்டுவாள், வாங்கிக்கொள். குழந்தைக்கு நீதான் விபூதி வைக்க வேண்டும் என்று அவளேதான் சொன்னாள். நெற்றியில் மட்டும் வை.

இப்படிக்கு,
க. செழியன்